மச்சானின் ‘ஏலா’

கலியாணத்தன்று மாப்பிள்ளை காரில் ஏற மாட்டேன் என்று நின்ற கூத்து எங்கள் குடும்பத்தில்தான் நடந்தது. என் மூத்தவள் ராத்தாவுக்கு மாப்பிள்ளை அழைத்துவர எங்கள் மாமா கல்முனையிலேயே பெரிய காராகப் பார்த்து வாடகைக்குப் பிடித்து, பூவும் வர்ணக் கடதாசியும் சுற்றி அனுப்பியிருந்தார். மாப்பிள்ளை சால்வையும் தொப்பியுமாக வந்தார். காரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். குனிந்து முன்சில்லுக்கு உள்ளே எட்டிப் பார்த்தார். நிமிர்ந்து, "ஏலா" என்றார். முடியாதாம். சுக்கான் கம்பியில் எவனோ அரைகுறையாக ஒட்டுப்போட்டு வைத்திருக்கிறானாம். அது எந்த நேரமும் விடுமாம். பெரிய மனிதர்கள் கெஞ்சிப் பார்த்தார்கள், அதட்டிப் பார்த்தார்கள். கடைசியில் பூச்சுற்றிய கார் வெறுமையாக முன்னால் ஊர்ந்து வர, மாப்பிள்ளை வெயிலில் பின்னால் நடந்து வந்தார். எங்கள் வாசலில் குரவையிட நின்ற பெண்கள் வெறுங்காரைப் பார்த்துத் திறந்த வாயோடு நின்றார்கள். "மாப்பிள்ள எங்க கா?" என்று ஒருத்தி கேட்டாள். எனக்கு வெட்கத்தில் அழுகை வந்தது.

அந்தக் கார் அதற்குப் பிறகு எத்தனையோ மாப்பிள்ளைகளைச் சுமந்தது. சுக்கான் விடவுமில்லை, ஆரும் சாகவுமில்லை. அதைச் சொல்லிச் சொல்லி ஊர் சிரித்தது. அவரிடமே போய்க் கேட்டார்கள். "இன்னும் விடல்லயா? நல்லது, அல்லாஹ் காப்பாத்தினான்" என்று சொல்லிவிட்டுத் தலையைச் சீவிக்கொண்டு போனாராம். கொஞ்சமாவது கூச்சம் வேண்டாமா ஒரு மனிசனுக்கு?

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. வீட்டு மாப்பிள்ளையின் பெயரை வாயால் சொல்லும் பழக்கம் எங்களிடம் கிடையாது. எனக்கு அவர் மச்சான். அவ்வளவுதான்.

ஆளைப் பார்த்தால் வெல்டிங் வேலை செய்கிறவர் என்று ஆரும் சொல்லமாட்டார்கள். வேலை முடிந்து குளித்துவிட்டால் வெள்ளைச் சாரம், வெள்ளைச் சேட்டு, காதுமடலில் அத்தர். இடுப்பு வாரில் ஒரு சீப்பு எப்போதும் செருகியிருக்கும். கழுத்தின் ஒரு பக்கம் மட்டும் நெருப்புப் பொறி பட்டுப் புள்ளி புள்ளியாகக் கறுத்துக் கிடக்கும். இங்கினியாகலையில் அணை கட்டின காலத்தில் அங்கே போய்ப் பழகின வேலை. அங்கே வேலை முடிந்து சாமான்களை விற்றபோது பழைய வெல்டிங் மெசின் ஒன்றை, அதை ஓட்டுகிற எஞ்சினோடு சேர்த்து, எப்படியோ வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். பெரிய தெருவில் ஒரு கராச் போட்டார். வேலைக்குக் குறைவில்லை. ஆனால் வருகிறவர்களில் பாதிப்பேரைத் திருப்பி அனுப்பினால் வியாபாரம் எப்படி நடக்கும்?

அவருடைய வாயில் முதலில் வருவதே அந்தச் சொல்தான். அரசாங்கக் கந்தோரான கச்சேரியில் பெரிய உத்தியோக ஐயா ஒருவர் ஜீப்பைக் கொண்டுவந்து, அவசரம், இப்பவே ஒட்டு என்று குதித்தாராம். "கிறீசைக் கழுவாம ஏலா" என்று சொல்லிவிட்டு மச்சான் வாங்கில் உட்கார்ந்து கச்சான் கொட்டை உடைத்துத் தின்றுகொண்டிருந்தாராம். ஐயா தன் கையாலேயே துணி எடுத்துத் துடைக்கும்வரைக்கும் எழும்பவில்லை. பெருநாளுக்கு முதல் நாள் என் தையல் மெசினின் கால் உடைந்தது. தெருவிலுள்ள பிள்ளைகளின் பெருநாள் உடுப்பெல்லாம் என்னிடம் கிடந்தது. உடைந்த காலைத் தூக்கிக்கொண்டு கராச்சுக்கு ஓடினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வார்ப்பிரும்பு. ஒட்டினாலும் நிக்கா. ஏலா" என்றார். ஒரு பெருநாள் தாங்கினால் போதும் மச்சான் என்று மன்றாடினேன். "ஒட்டினது மறுநாள் ஒங்கட கால்ல விழுந்தா ஆரு பொறுப்பு?" என்றார். மெசினின் தலையைக் கழற்றி மேசையில் வைத்து, கையால் சுற்றிச் சுற்றித் தைத்து முடித்தேன். அந்த ஆத்திரம் எனக்குக் கனகாலம் இருந்தது. ராத்தாவிடமே சொன்னேன், உன் புருசனைக் கண்ணில் காட்டாதே என்று.

"எனக்கு மட்டும் ஓம் எண்டா சொல்றாரு?" என்றாள் ராத்தா.

ஒருநாள் மீன்காரர் ஒருவர் வெறும் எண்ணெய்ப் பீப்பாவை உருட்டிக்கொண்டு வந்தார். அதை இரண்டாக வெட்டித் தந்தால் வலைக்குச் சாயம் காய்ச்சலாம் என்று கேட்டார். அன்றைக்கு மச்சான் ஏலா என்றுகூடச் சொல்லவில்லை. சுத்தியலைத் தூக்கிக்கொண்டு அந்த மனிசனைத் தெருவரைக்கும் துரத்தினார். பைத்தியம் பிடித்துவிட்டது என்று தெருவெல்லாம் கதை. பிறகுதான் ராத்தா எனக்குச் சொன்னாள். அணை வேலையில் அவரோடு ஒரே சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்ட கூட்டாளி ஒருவர் இருந்தாராம். மேலதிகாரி ஒரு வெறும் பீப்பாவை வெட்டச் சொன்னபோது மச்சான் மாட்டேன் என்றாராம். கூட்டாளி, நான் வெட்டுறன் என்று போனாராம். பீப்பாவின் மூடி மரத்துக்கு மேலே பறந்ததாம். ஜனாஸாவைக் கழுவக் கொடுக்க முழுசாக ஒன்றும் கிடைக்கவில்லையாம். அதைக் கேட்ட பிறகும் எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. ஆனால் பழையபடி பேசவும் வாய் வரவில்லை.

இனி டாங்கிக் கதைக்கு வருகிறேன்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை வந்து குடியேறுவார். பழைய வீட்டை ராத்தாவுக்குக் கொடுத்துவிட்டு, வாப்பா மௌத்தான பிறகு உம்மா எனக்கென்று கடற்பக்கமாக ஒரு சின்ன வீடு கட்டினா. என் வீட்டுக்கும் ராத்தாவின் வீட்டுக்கும் நடுவில் மாமாவின் எண்ணெய் வளவு. மாமா என்றால் உம்மாவின் கூடப்பிறந்த தம்பி. லாம்பெண்ணெய் வியாபாரம். எங்கள் தெருவுக்குக் கரண்ட் வராத காலம். ஊரிலுள்ள குப்பிலாம்பு, அரிக்கன் லாம்பெல்லாம் மாமாவின் எண்ணெயில்தான் எரிந்தன. வளவின் நடுவில் ஓர் அறையளவு பெரிய இரும்பு டாங்கி, சீமெந்துக் கட்டைகளின் மேல் நின்றது. அதற்கும் நான் படுத்திருந்த அறைக்கும் இடையில் ஒரு கிடுகு வேலிதான்.

அப்போது எனக்குப் பிள்ளை பிறந்து நாற்பது முடியவில்லை. நாற்பது முடியாத பெண் வாசலைத் தாண்டக் கூடாது. இது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். ஆனால் என் வீட்டில் அதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. என் முதல் பிள்ளை நாற்பதுக்குள்ளேயே மௌத்தாகிவிட்டது. பொழுது சாய்கிற மஃரிப் நேரம் நான் கிணற்றடிக்குப் போனேனாம், அதில்தான் பிள்ளைக்குக் கெட்ட காத்துப் பட்டதாம். உம்மா அப்படித்தான் சொன்னா. நான் நம்பினேனா? பாதி நம்பினேன். அந்தப் பாதிதான் என்னைத் தின்றது. ஆகவே இரண்டாவது பிள்ளைக்கு உம்மா யன்னலையெல்லாம் துணியால் அடைத்தா. தலையணைக்குக் கீழே பாக்குவெட்டி வைத்தா. காலையும் மாலையும் சாம்பிராணிச் சட்டியைக் கொண்டுவந்து பிள்ளையைப் புகையில் சுற்றி எடுத்தா. என் புருசன் சவளக்கடையில் வயல் வெட்டுக்குப் போய் அங்கேயே வாடிக் குடிசையில் கிடந்தார். உம்மாதான் வீட்டுக்கு ராசா, மந்திரி எல்லாம்.

அந்த நேரம் பார்த்து டாங்கியின் கீழ்க்குழாய் பழுதாகிவிட்டது. திறக்கவும் ஏலாது, இறுக்கவும் ஏலாது. கழுத்தெல்லாம் துருவேறிக் கறள். சொட்டுச் சொட்டாக எண்ணெய் மணலில் இறங்கியது. எங்கள் மணலுக்கு ஒன்றையும் பிடித்து வைக்கத் தெரியாது. கிணற்றுத் தண்ணீரின் மேல் மயில் நிறத்தில் எண்ணெய் படர்ந்தது, தேத்தண்ணி லாம்பு மணத்தது. எனக்குப் பிள்ளை குளிப்பாட்டவும் தண்ணீர் தூரத்திலிருந்து வந்தது. பழைய குழாயில் கை வைத்தால் கழுத்தோடு ஒடிந்து, ஊரின் எண்ணெய் முழுக்க அடுப்பெரிகிற வளவுகளுக்குள் ஓடும். வேறோர் இடத்தில் புதிதாக ஒரு வால்வை ஒட்டி, அந்த வழியாக எண்ணெயை இறக்கி விற்றுவிட்டுத்தான் பழையதைத் தொடலாம். அந்த ஒட்டு வேலையை மச்சானை விட்டால் செய்ய ஊரில் ஆருமில்லை.

மாமா என்ன செய்தார்? மச்சானுக்கு உதவி செய்கிறோம் என்று நினைத்து, டாங்கியின் மேல் மூடியைத் திறந்து வாளியால் எண்ணெயை அள்ளத் தொடங்கினார். பீப்பா போதவில்லை. அக்கம்பக்கத்துப் பானை, சட்டி, கிடாரம் எல்லாம் வாங்கி நிரப்பினார்கள். நான் குளிக்கத் தண்ணீர் காய்ச்சுகிற அண்டாவையும் தூக்கிக்கொண்டு போனார்கள். உம்மா வேலிக்கு இந்தப் பக்கம் நின்று தம்பியைக் கிழிகிழி என்று கிழித்தா. அந்த நேரத்தில்தான் மச்சான் வந்தார். நான் யன்னல் துணியை விலக்கி, கிடுகு ஓட்டைக்குள்ளால் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்ன மாமா இது?"

"டாங்கியக் காலி பண்றம் மருமகன். காலியானாத்தானே நீங்க நெருப்பு வைக்கலாம்."

"ஏலா."

"என்னது ஏலா?"

"காலி டாங்கில நான் கை வைக்கமாட்டன். அள்ளினதெல்லாத்தையும் திரும்ப ஊத்துங்க. காணாட்டி இன்னும் எடுத்து நிரப்புங்க."

மாமா வாயிலிருந்த சுருட்டை எடுக்காமலே சிரித்தார். "எண்ணெய் நிரம்பின டாங்கில நெருப்பு வைக்கப் போறீங்களா? தல சுகமில்லயா ஒங்களுக்கு?"

மச்சான் மாமாவின் வாயிலிருந்த சுருட்டைப் பிடுங்கி, வேலிக்கு வெளியே தெருமணலில் புதைத்துவிட்டு வந்தார். வயசுக்கு மூத்தவர், பெண்ணின் தாய்மாமன்! வளவில் நின்றவர்கள் வாளிகளைக் கீழே வைத்தார்கள். பிறகு அவர் வேலியோரம் வந்து உம்மாவோடு கதைத்தார். ஆம்பிளைகளிடம் சொல்லிப் பிரயோசனமில்லை என்று நினைத்தாரோ என்னவோ.

"மாமி, லாம்பு வெடிச்சதக் கண்டிரிக்கீங்களா?"

"ஓம். நம்மட குசினில ஒருக்கா வெடிச்சதே."

"எப்ப வெடிச்ச? எண்ணெய் நிரம்ப இரிக்கக்குள்ளயா?"

உம்மா யோசித்தா. "இல்ல. அடில கொஞ்சம் கிடந்த நேரம்."

"அதுதான். எண்ணெய் இல்லாத இடத்தில எண்ணெய்ட ஆவி நிக்கிது. ஆவியும் காத்தும் சேந்தா அதுதான் வெடி. எண்ணெய் முட்டி நிக்கிற இடத்தில காத்துக்கு இடமில்ல. நான் வைக்கிற சூட்டையும் எண்ணெயே இழுத்துக் குடிச்சிரும். மட்டத்துக்கு நல்லாக் கீழ ஒட்டணும். மேல மட்டும் தொடப்படாது."

எனக்கு உடனே விளங்கியது. லாம்போடு சீவிக்கிற எந்தப் பெண்ணுக்கும் விளங்கும். உம்மாவுக்கும் விளங்கியது என்று முகத்தில் தெரிந்தது. மாமாவுக்குத்தான் விளங்கவில்லை. மச்சான் அவருடைய கையைப் பிடித்து டாங்கியில் வைத்தார். உச்சி வெயில். கீழே எண்ணெய் நின்ற இடம் கை வைக்கும்படி இருந்தது. மேலே வெறும் இடத்தில் வைத்ததும் மாமா "ஸ்ஸ்" என்று கையை இழுத்தார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, அள்ளின எண்ணெயைத் திரும்ப ஊற்றச் சொன்னார். என் அண்டா மட்டும் கடைசிவரைக்கும் மணம் போகவில்லை.

இத்தோடு முடிந்தது என்று பார்த்தால் மச்சான் அடுத்த ஏலாவை எடுத்தார். வேலை சுபஹுக்குப் பிறகு, வெயில் ஏறு முன்னம். அந்த நேரம் காத்து வயல் பக்கமிருந்து கடலுக்கு வீசும். டாங்கியின் மூச்சுக்குழாயில் வருகிற ஆவி நேரே என் வீட்டுக்குத்தான் போகும். ஆகவே சுற்றுவட்டத்தில் ஓர் அடுப்பும் எரியக் கூடாது. கடற்பக்கத்து வீடுகளில் ஓர் ஆளும் இருக்கக் கூடாது.

"என்ட மகள் நாற்பதுக்காரி" என்றா உம்மா.

"தெரியும் மாமி. ஆனா அவ உள்ள இரிக்கும்வரைக்கும் நான் மெசினத் தொடமாட்டன்."

உம்மா சும்மா விடுகிறவ இல்லை. "இஞ்ச பாருங்க மருமகன். ஒண்டும் நடக்காதெண்டு ஒங்களுக்கு நிச்சயமெண்டா என்ட புள்ள என்னத்துக்கு வெளியால போகணும்? நிச்சயமில்லையெண்டா நீங்க என்னத்துக்கு இந்த வேலையச் செய்யணும்?"

நல்ல கேள்வி. எனக்கே கை தட்டவேண்டும்போல் இருந்தது. மச்சான் சீப்பை எடுத்துத் தலையைச் சீவினார்.

"என்ட கையில எனக்கு நிச்சயம் இரிக்கி மாமி. தகட்டில இல்ல. உள்ளுக்க கறள் எவ்வளவு தின்டிரிக்கெண்டு தட்டிப் பாத்துத்தான் சொல்லலாம். தட்டிச் சொல்றது பிழையாப் போனா, சாகிறது நான் மட்டும் எண்டு இரிக்கணும்."

"காத்துப் பட்டு ஒண்டு போச்சு. இதையும் குடுக்க ஏலா என்னால" என்றா உம்மா. மச்சான் திரும்பிப் போய்விட்டார்.

இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. எண்ணெய் சொட்டிக்கொண்டே இருந்தது. மாமாவுக்குப் பொறுமை போய்விட்டது. ஒரு நாள் வேலிக்கு அந்தப் பக்கத்தில் நின்று அவர் கணக்கப்பிள்ளையிடம் சொன்னது எனக்குக் கேட்டது. "மட்டக்களப்பில ஒருத்தன் இரிக்கான். அவன் இந்தக் கூத்தொண்டும் ஆட மாட்டான். டாங்கியக் காலி பண்ணிக் குடுத்தா ஒரு பகல்ல ஒட்டித் தந்துருவானாம். மருமகனுக்குச் சொல்லாத. நாளைக்கழிச்சு வாறான்."

காலி டாங்கி. வேலிக்கு இந்தப் பக்கம் நானும் பிள்ளையும். அந்த மனிசன் என்னைப் போகச் சொல்லவும் மாட்டான், கேட்கவும் மாட்டான். நான் பிள்ளையைப் பார்த்தேன். பால் குடித்த வாயோடு நித்திரை. உம்மா பயந்தது கண்ணுக்குத் தெரியாத காத்துக்கு. நான் பயந்தது ஒரு பீப்பாவின் மூடிக்கு. எது என் பிள்ளையைக் கொல்லும் என்று நான்தானே முடிவெடுக்கவேண்டும்? பெத்தவள் நான்தானே?

ராத்தாவைக் கூப்பிட்டேன். "மச்சானிட்டச் சொல்லு, நாளைக்குச் சுபஹுக்குப் பிறகு மெசினைக் கொண்டுவரட்டும். நான் போறன்."

"உம்மா?"

"உம்மாவ நான் பாத்துக்குவன்."

பார்த்துக்கொண்ட லட்சணம் மறுநாள் தெரிந்தது. சுபஹு தொழுதுவிட்டு உம்மா திரும்புகிறா, நான் பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டு வாசலில் நிற்கிறேன். உம்மா கதவை மறித்தா. தலையில் அடித்தா. என் வயிற்றில் அடித்துவிட்டுப் போ என்றா. வாய் திறந்தால் அழுதுவிடுவேன், அழுதால் உள்ளே போய்விடுவேன். உம்மாவின் கையை விலக்கிவிட்டு இறங்கினேன். இந்தப் பிள்ளை பிறந்த பிறகு வெளிச்சத்தில் என் கால் பட்ட முதல் மணல் அதுதான். குளிர்ச்சியாக இருந்தது.

இரண்டு தெரு தள்ளி உம்மாவின் தங்கை, எங்கள் சாச்சியின் வீடு. அங்கே போகும் ஒடுங்கின ஒழுங்கை எண்ணெய் வளவை ஒட்டித்தான் போகும். வளவில் மச்சான் டாங்கிக்கு மேலே ஏறி நின்றார். விடிய முன்னமே வந்து, மூடியைத் திறந்து, மீதியெண்ணெயை ஊற்றி விளிம்புவரைக்கும் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். நான் முக்காட்டை இழுத்துக்கொண்டு நடந்தேன். திடீரென்று மச்சானின் குரல்.

"மாமீ! நில்லுங்க! அங்கயே நில்லுங்க!"

திரும்பிப் பார்த்தேன். உம்மா எனக்குப் பின்னால் ஓடி வந்துகொண்டிருந்தா. ஒரு கையில் பாக்குவெட்டி. மற்றக் கையில் சாம்பிராணிச் சட்டி, தணல் சிவந்து புகைந்து வருகிறது. நாற்பதுக்குள் வெளியே போகிற பிள்ளையைக் காத்திடமிருந்து காப்பாற்ற உம்மாவுக்குத் தெரிந்த வழி அதுதான். தெருவெல்லாம் அடுப்பு அணைத்துக் கிடக்க, திறந்து கிடந்த டாங்கியை நோக்கி நெருப்பைத் தூக்கிக்கொண்டு வந்தது என் உம்மா ஒருத்திதான். காற்றும் எங்கள் பக்கமாகத்தான் வீசியது.

மச்சான் டாங்கியிலிருந்து குதித்தார். வேலியை முறித்துக்கொண்டு ஒழுங்கைக்குள் வந்தார். உம்மாவின் கையிலிருந்து சட்டியை அப்படியே இரண்டு கையாலும் வாங்கினார், பிடிக்கிற இடம் பார்க்கவில்லை. காத்துக்கு எதிர்ப்பக்கமாகத் தெருவுக்கு ஓடினார். அங்கே நனைந்த சாக்குகள் வாளியில் கிடந்தன. சட்டியை வாளிக்குள் அமுக்கினார். புகை குபுகுபுவென்று எழும்பி அடங்கியது. கையை எடுத்தபோது உள்ளங்கைத் தோல் வெள்ளையாக வழிந்திருந்தது.

"சாம்பிராணியத் தட்டிட்டாரே! என்ட புள்ளைக்கு இனி ஆரு காவல்!" என்று உம்மா மணலில் குந்தி அழுதா.

"அல்லாஹ் காவல். எழும்புங்க மாமி, நடங்க" என்றார் மச்சான். பல்லைக் கடித்துக்கொண்டு, ஆனால் மரியாதையாக.

நான் நிற்கவில்லை. உம்மா அழுதழுது பின்னால் வர, பிள்ளையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு சாச்சியின் வீடுவரைக்கும் நடந்தேன். பிள்ளையை உம்மாவின் மடியில் போட்டேன். போட்டுவிட்டு, உம்மா கூப்பிடக் கூப்பிடத் திரும்பி வந்தேன். அந்த மனிசன் எனக்காகவும் கையைச் சுட்டுக்கொண்டு நிற்கிறார், என்ன நடக்கிறதென்று பார்க்காமல் எப்படி இருப்பது? வயல்பக்கமாகச் சுற்றி, காத்துக்கு மேலே, தெருவுக்கு அங்காலே ஒரு பூட்டின கடையின் சுவரோரம் நின்றேன். நாற்பதுக்காரி தெருவில் நிற்கிறாள் என்று நாலு பேர் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

மூடியெல்லாம் பூட்டி, மேலே நனைந்த சாக்குகள் போட்டிருந்தார்கள். மெசினின் எஞ்சின் தெருவில் என் பக்கமாக நின்று இரைந்தது. அங்கிருந்து தடித்த வயர் வளவுக்குள் ஓடியது. மச்சான் சின்னச் சுத்தியலால் டாங்கியைத் தட்டித் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். ஓரிடம் பிடிக்கவில்லை, தள்ளிப் போனார். அடுத்த இடமும் பிடிக்கவில்லை. மாமா தூரத்தில் நின்று நெளிந்தார். கடைசியில் ஓரிடத்தில் சோக்கால் வட்டம் போட்டார். சுட்ட கையில் ஈரத் துணி சுற்றி, அதன் மேல் தோல் உறையைப் போட்டுக்கொண்டார். முகமூடியை இறக்கினார்.

நீல வெளிச்சம் அடித்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். "யா அல்லாஹ், யா அல்லாஹ்" என்பதைத் தவிர வாயில் ஒன்றும் வரவில்லை. வெளிச்சம் நின்றது. கண்ணைத் திறந்தேன். டாங்கி நின்றது. மச்சான் பக்கத்துத் தகட்டைத் தொட்டுப் பார்த்தார். ஆறும்வரைக்கும் காத்திருந்தார். திரும்பவும் கொஞ்சம். திரும்பவும் நிறுத்தம். ஒரேயடியாக ஒட்டி முடித்தால் என்ன என்று எனக்கே பொறுமை போனது. சூடு ஓரிடத்தில் சேர விடவில்லை மனிசன். வால்வின் கழுத்தைச் சுற்றி ஒட்டி முடிந்ததும் சைக்கிள் பம்பால் அதற்குள் காத்தடித்து, சவுக்கார நுரை பூசி, கொப்புளம் வருகிறதா என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. பிறகு வால்வைத் திறந்து, அதற்குள்ளாலே கைத்துறப்பணத்தை விட்டுத் தகட்டைத் துளைத்தார். சுட்ட கையால்தான் அதைச் சுற்றினார். எண்ணெய் சீறிக்கொண்டு வந்தது. துறப்பணத்தை இழுத்தார், வால்வை மூடினார். ஒரு வாளி எண்ணெய்தான் மணலில் போயிருக்கும்.

அவ்வளவுதான். வெடிக்கவில்லை, எரியவில்லை. ஊரில் ஒரு கோழிகூடச் சாகவில்லை. அடுப்பில்லாமல் காலைச் சாப்பாடு தப்பின சனங்கள் முணுமுணுத்துக்கொண்டு போனார்கள். "இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்றார் ஒருவர். மாமா இன்னொரு சுருட்டை வாயில் வைத்துக்கொண்டு, மட்டக்களப்பான் என்றால் இந்தக் கூத்தில்லாமலே முடித்திருப்பான் என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. ஓடிப்போய் அந்தச் சுருட்டை நானே பிடுங்கியிருப்பேன், பெண்ணாகப் போய்விட்டேன்.

மச்சான் அவர்களோடு வாதாடவில்லை. வயரைச் சுருட்டி முடித்து, குளித்து, வெள்ளைச் சாரம் உடுத்து, கையில் துணிக்கட்டோடு சாச்சியின் வீட்டு வாசலில் வந்து நின்றார். அத்தர் பூச மறக்கவில்லை. அதற்குள் நானும் திரும்பி வந்து கதவுக்குப் பின்னால் நின்றேன். உம்மா வாங்கில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு முகத்தைத் திருப்பியிருந்தா. மாப்பிள்ளை வந்தால் எழும்பி நிற்கிற மனிசி, அன்றைக்கு எழும்பவில்லை.

"மாமி, முடிஞ்சி. இனி வீட்ட போகலாம்."

"ஒண்டும் நடக்கல்லத்தானே" என்றா உம்மா, சுவரைப் பார்த்துக்கொண்டு. "ஊரே சிரிக்கிது. நாற்பதையும் முறிச்சி, சாம்பிராணியையும் தட்டி, என்ட புள்ளையத் தெருத்தெருவா இழுத்தீங்க. சொல்லுங்க பாப்பம், என்ன நடந்த?"

மச்சான் கட்டுப்போட்ட கையால் உம்மாவின் மடியைக் காட்டினார்.

"அந்தா இரிக்கி மாமி. அதுதான் நடந்த."

உம்மா குனிந்து பார்த்தா. பார்த்துக்கொண்டே இருந்தா. பிள்ளை விழித்துக்கொண்டு, இரண்டு காலையும் உதைத்து, பாலுக்கு வீடதிரக் கத்தத் தொடங்கினான். உம்மா அவனைத் தூக்கி என் கையில் தந்துவிட்டு, மருமகனுக்கு வாங்கில் இடம் விட்டு எழும்பினா.